தண்டவாளத் துண்டும் ரெண்டாம் வாய்ப்பாடும்

எங்கள் பள்ளிக்கூடத்தின் முதல் பெற்றோர் கூட்டத்துக்குப் பெற்றோரைத் தவிர மற்ற எல்லாரும் வந்திருந்தார்கள். ஆட்சி மாறிச் சில வருடங்கள் ஆகியிருந்த சமயம் அது. பூதலூர் ஸ்டேஷனில் இறங்கி வாய்க்கால் கரையோடு நடந்தால் வருகிற ஒரு யூனியன் பள்ளியில் நான் ஒன்றாம் வகுப்பு டீச்சர். சின்ன வகுப்புப் பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள், எந்த நேரத்தில் என்ன செய்கிறார்கள் என்பதைப் பெற்றவர்களுக்கு அவ்வப்போது தெரிவிக்க வேண்டும் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. உத்தரவு போட்டவரை நான் குறை சொல்லமாட்டேன். நல்ல யோசனைதான். ஆனால் எந்த நல்ல யோசனையும் எங்கள் ஊருக்கு வந்து இறங்கியவுடன் அதற்குப் பந்தல் போட்டு, மைக் செட் கட்டி, தலைவர் ஒருவரை நடுவில் உட்காரவைத்து விடுவார்கள்.

கூட்டம் மாலை மூன்று மணிக்கு. நடவு நேரம். பெற்றவர்கள் எல்லாரும் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், முழங்கால் சேற்றில், குனிந்த முதுகோடு நின்றார்கள். பள்ளிக்கூடத்து வராந்தாவிலிருந்து பார்த்தால் முதுகுகள் தெரியும். இந்தப் பக்கம் நாற்காலிகளில் ஹெட்மாஸ்டர், இன்ஸ்பெக்டர், சொசைட்டி கிளார்க், மைக் செட்காரர். நடு நாற்காலியில் மிராசுதார். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் கண்ணுக்கு எட்டிய வரை அவர் நிலம். பள்ளியின் பெற்றோர் சங்கத்துக்கும் அவர்தான் தலைவர். அவர் பிள்ளைகள் தஞ்சாவூர் கான்வென்ட்டில் படித்தார்கள், காரில் போய் வந்தார்கள். எங்கள் பள்ளியோடு அவருக்கு இருந்த ஒரே உறவு வேப்பமரத்தில் தொங்கிய தண்டவாளத் துண்டு. அதுதான் எங்கள் மணி. ரயில்வேயில் கழித்துப்போட்டதை வாங்கித் தந்திருந்தார். ‘அன்பளிப்பு’ என்று தொடங்கி அவர் பெயரும் அவர் அப்பா பெயரும் அதில் வெள்ளைப் பெயிண்டில் இருந்தன. இடம் போதாமல் ஊர்ப் பெயர் பின்பக்கம் போயிருந்தது.

தேர்தல் முடிந்த அடுத்த வாரமே அவர் வேட்டியின் கரை மாறிவிட்டதென்று ஊரில் சொல்வார்கள். பேச்சும் மாறியிருந்தது. முன்பெல்லாம் இருமிவிட்டு இரண்டு வார்த்தை பேசுகிறவர், இப்போது அடுக்குமொழியில் வெளுத்து வாங்கினார். “தாய்மொழி என்பது தாய்ப்பால்! தாய்ப்பால் மறுக்கப்பட்ட பிள்ளை தழைக்குமா? தளிர்க்குமா? தலைநிமிருமா?” என்று கேட்டார். மைக் செட்காரர் தலையாட்டினார். ஒன்றாம் வகுப்பு என்ன படிக்கிறது என்பதை யாரும் கேட்கவில்லை. என்னைப் பேசவும் விடவில்லை. எனக்குத் தரப்பட்ட வேலை மாலைகளைத் தட்டில் வைத்து நீட்டுவது.

எல்லாரும் கிளம்பின பிறகு ஹெட்மாஸ்டர் ‘பெற்றோர் திரளாகக் கலந்துகொண்டனர்’ என்று அறிக்கை எழுதினார்.

“ஒருத்தர்கூட வரலையே சார்?” என்றேன்.

“கூட்டம் நடந்துச்சா இல்லியாம்மா? நடந்துச்சு. மைக் செட்டு வந்துச்சா? வந்துச்சு. அப்புறம் என்ன?”

அவர் கெட்டவர் இல்லை. பென்ஷன் வரை யாரையும் பகைத்துக்கொள்ளாமல் போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்பது ஒன்றே அவர் கொள்கை. அந்தக் கொள்கைக்காக எதையும் பூசி மெழுகத் தயாராயிருந்தார்.

எனக்கோ மூக்குக்கு மேல் கோபம். மறுநாள் காலையில் ரயிலை விட்டு இறங்கி வரும்போது நடவு வயலோரம் நின்றுவிட்டேன். வரப்பில் ஏறி, “உங்க பிள்ளைங்க பள்ளிக்கூடத்துல என்ன பண்றாங்கன்னு சொல்ல வந்திருக்கேன், கேக்குறீங்களா?” என்றேன்.

பெண்கள் குனிந்தபடியே சிரித்தார்கள். ஒருத்தி, “சொல்லுங்க டீச்சரம்மா. கைதான் வேலையா இருக்கு, காது சும்மாத்தானே கெடக்கு” என்றாள்.

சொன்னேன். நாங்கள் தஞ்சாவூர் லுத்தரன் குடும்பம். கோயில் மணி அடித்தால் எழுந்து, மணி அடித்தால் ஜெபித்து, மணி அடித்தால் சாப்பிட்டு வளர்ந்தவள் நான். எனக்கு எதையும் மணி இல்லாமல் விளக்கத் தெரியாது. அதனால் மணியை வைத்தே சொன்னேன். நீளமாக அடித்தால் பிரேயர். அது முடிந்து எண் சொல்லிக்கொடுப்பேன். கடைசியில் எல்லாரும் வாய்ப்பாடு சொல்லுவார்கள். பிறகு மூன்று தட்டு. அது இண்டர்வல், பிள்ளைகள் வெளியே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வரும். அது முடிந்ததும் தரையில் மணலைப் பரப்பி விரலால் எழுத்து எழுதுவது. அப்புறம் சாப்பாட்டு மணி.

“எம் மவன் எளுதுறானா?” என்று ஒரு குரல்.

“எழுதுறான். ‘ட’ நல்லா எழுதுறான். மத்த எழுத்தையும் ‘ட’ மாதிரியேதான் எழுதுறான்.”

“எம் பொண்ணு வாயத் தொறக்குறாளா?”

“அதை மூடச் சொல்லத்தாங்க எனக்குச் சம்பளம்.”

வயலே சிரித்தது. அந்தச் சிரிப்பைக் கேட்டபோது, மாலைத் தட்டை ஏந்தி நின்ற எரிச்சல் எனக்குப் பாதி அடங்கியது. எல்லாரும் தத்தம் பிள்ளையைப் பற்றிக் கேட்டு முடித்த பிறகு ஓரத்தில் நட்டுக்கொண்டிருந்த ஒரு இளம்பெண் நிமிர்ந்தாள்.

“எம் மவளப் பத்தி ஒண்ணுமே சொல்லலியே டீச்சரம்மா?”

“உங்க பொண்ணு பள்ளிக்கூடத்துக்கே வர்றதில்லியே.”

அவள் கையிலிருந்த நாற்றுமுடியால் கரையைக் காட்டினாள். பூவரச மரத்துக் கிளையில் ஒரு தூளி. அதற்குள் கைக்குழந்தை. தூளிக் கயிற்றைப் பிடித்து ஆட்டிக்கொண்டு ஆறு வயதுப் பெண் ஒன்று. ஜூன் மாதம் என் வகுப்பில் பேர் எழுதிவிட்டு, ஒரு வாரம் வந்து, பிறகு காணாமல் போனவள்.

“இவன் முளிச்சா பால் குடுக்கணும். நா கரையேறுனா ஐயாவோட காரியஸ்தரு குடையத் தூக்கிக்கிட்டு வந்து நிப்பாரு. பச்சப்புள்ளய அள வுட்டுட்டு எப்புடி அவளப் பள்ளிக்கூடம் அனுப்புறது?”

நான் யோசிக்கவே இல்லை. “தூளியைப் பள்ளிக்கூட வராந்தாவுல கட்டிக்கலாம். மூணு தட்டு கேட்டா உங்க பொண்ணு குழந்தையைத் தூக்கிட்டு மதகைத் தாண்டி வருவா. நீங்க வரப்புக்கு வந்துடுங்க. குடுத்து அனுப்பிடுங்க. இண்டர்வல் முடியறதுக்குள்ள வந்துடுவா” என்றேன்.

அடுத்த நாளே தூளி வராந்தாவுக்கு வந்தது. ஹெட்மாஸ்டர் அதைப் பார்த்து, “இது பள்ளிக்கூடமா, பிரசவ ஆஸ்பத்திரியா?” என்றார். “குழந்தை ஆஜர் போடச் சொல்லாது சார்” என்றேன். முனகிக்கொண்டே போய்விட்டார்.

மூன்று தட்டு கேட்டதும் அவள் தம்பியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஓடுவாள். பாவாடை ஒரு பக்கம் இழுக்க, குழந்தையின் கால்கள் அவள் முட்டிக்குக் கீழே ஊஞ்சலாட, மதகின் மேல் அவள் போகிற போக்கைப் பார்த்தால் எனக்கு உயிரே இருக்காது. ஆனால் திரும்பி வந்து, தூங்குகிற தம்பியைத் தூளியில் போட்டுவிட்டு, என் முன்னால் மணலைப் பரப்புவாள். நல்ல பெண். அந்த வகுப்பில் ‘ஞ’ எழுத வந்தது அவளுக்கு மட்டும்தான். எனக்கே அந்த எழுத்து நேராக வராது.

மற்ற பெண்கள் செய்ததுதான் நான் எதிர்பாராதது. அந்தத் தாய் கரையேறிய முதல் நாள் காரியஸ்தர் குடையோடு வந்து சத்தம் போட்டிருக்கிறார். இரண்டாம் நாள் மூன்று தட்டு விழுந்ததும் நடவாட்கள் எல்லாருமே கரையேறிவிட்டார்கள். வெற்றிலை போட்டார்கள், முதுகை நிமிர்த்தினார்கள், அவள் பால் கொடுத்து முடித்ததும் ஒன்றாக இறங்கினார்கள். பிறகொரு நாள் கேட்டதற்கு, முன்பு காது சும்மாக் கிடப்பதாகச் சொன்னவள்தான் பதில் சொன்னாள்:

“ஒருத்தி ஏறுனா கண்ணுல படும் டீச்சரம்மா. எல்லாரும் ஏறிட்டா அது வளக்கமாயிடும்ல?”

காலம் காலமாக அந்த வயல்களில் வேலைக்கு இருந்த ஒரே மணி சூரியன். இப்போது ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஓய்வு விட்டால் அவர்களைப் பெற்றவர்களுக்கும் ஓய்வு என்றாகிவிட்டது. இதில் சிரிக்க எனக்கு நிறைய இருந்தது. காரியஸ்தருக்கு இல்லை. அப்போது கீழத்தஞ்சைப் பக்கம் கூலிக்கும் குத்தகைக்குமாக அடிதடி, செங்கொடி, வெளியூர் ஆள் இறக்குவது, போலீஸ் வண்டி என்று கொந்தளித்துக் கிடந்தது. அங்கே கூலி கேட்ட சிலருக்கு நேர்ந்தது எல்லாருக்கும் தெரியும். எங்கள் ஊரில் அதைப் பற்றி யாரும் வாய்விட்டுப் பேசமாட்டார்கள். கொடி எங்கள் ஊருக்கு இன்னும் வரவில்லை. அதைப் பற்றிய பயம் மட்டும் முன்னாலேயே ரயிலேறி வந்து மிராசுதார் வீட்டில் தங்கியிருந்தது. மூன்று பெண்கள் சேர்ந்து தண்ணீர் குடித்தால்கூடப் போராட்டம் என்று படுகிற காலம்.

ஒரு காலையில் மிராசுதாரே பள்ளிக்கு வந்துவிட்டார். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. பின்னால் காரியஸ்தர், குடையோடு. அவருக்குப் பின்னால் ஹெட்மாஸ்டர், வியர்வையோடு.

“மணியடிச்சு ஆளுங்கள வயல வுட்டு ஏத்துறீங்களாமே? எந்தச் சங்கம்மா உங்களுக்கு?”

“பெற்றோர் சங்கந்தாங்க ஐயா. நீங்கதான் தலைவர்.”

ஹெட்மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார். நான் மேலிடத்து உத்தரவை எடுத்துக்காட்டினேன். எந்த நேரத்தில் என்ன நடக்கிறது என்று பெற்றவர்களுக்குத் தெரிவிக்கச் சொல்லியிருக்கிறார்கள், தெரிவித்தேன் என்றேன்.

“பெத்தவங்களுக்குச் சொல்லச் சொன்னா, நடவாளுங்களுக்குல்ல சொல்லியிருக்கீங்க?”

“அவங்கதாங்க பெத்தவங்க.”

இது அவருக்கு நிஜமாகவே புதிய செய்தி என்பதுபோல என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் மறக்கவில்லை. இத்தனை வருடம் தலைவராக இருந்தும், எந்தப் பெற்றோர்களுக்குத் தலைவர் என்று அவர் ஒரு தடவைகூட யோசித்ததில்லை.

அன்று மாலையே மணியைக் கழற்றிக்கொண்டு போனார்கள். பழுது பார்க்க என்று ஹெட்மாஸ்டர் சொன்னார். ரயில் ஓடியபோதே வராத பழுது, வேப்பமரத்தில் சும்மா தொங்கியபோது வந்துவிட்டதாம்.

“இனிமே எதுக்கு மணி? வாயால சொல்லுங்கம்மா, பிள்ளைங்களுக்குக் கேட்டாப் போதும்” என்றார். அவரே கைக்கடிகாரத்தைப் பார்த்து, வகுப்பு வகுப்பாகப் போய், சாவு வீட்டில் சேதி சொல்வதுபோல “இண்டர்வல்” என்று காதோரம் சொல்லிவிட்டு வந்தார்.

விளைவு உடனே தெரிந்தது. அக்கா தம்பியைத் தூக்கிக்கொண்டு மதகைத் தாண்டிப் போனால், தாய் வயலின் கோடியில் இருப்பாள். அவள் பார்த்து வருவதற்குள் நேரம் போய்விடும். காத்திருக்கலாம் என்றால், “எந்த மணி அடிச்சுது ஒனக்கு?” என்று காரியஸ்தர் வழிமறிப்பார். ஒரு நாள் பால் குடிக்காமலே குழந்தையைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தாள். அது கத்திய கத்தலில் ஐந்தாம் வகுப்பு வரை பாடம் நின்றது. அடுத்த வாரம் தூளி பூவரச மரத்துக்கே போய்விட்டது.

காலையில் வாய்க்கால் கரையில் நடந்துவரும்போது அவள் என்னைக் கண்டதும் மரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். கயிறு மட்டும் ஆடியது. தாய்ப்பால் என்று மைக்கில் முழங்கின வாயை நினைத்துக்கொண்டேன்.

அன்று எண் பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போது ஹெட்மாஸ்டர் சொன்னது மறுபடி நினைவுக்கு வந்தது. வாயால் சொல்லுங்கள் என்றார். சரி, வாயாலேயே சொல்லிவிடலாம். வாய்க்கு என்ன பஞ்சம்? வகுப்பு நிறைய இருக்கிறது. பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வராந்தாவுக்கு வந்தேன். வயலைப் பார்க்க வரிசையாக நிறுத்தி, “ரெண்டாம் வாய்ப்பாடு. யார் குரல் வாய்க்காலைத் தாண்டுதுன்னு பாப்போம்” என்றேன்.

பள்ளிக்கூடத்தில் சத்தம் போட அனுமதி கிடைத்த ஒன்றாம் வகுப்பைப் பார்த்திருக்கிறீர்களா? “ஓரெண்டு ரெண்டு! ஈரெண்டு நாலு!” என்று அவர்கள் எடுத்த எடுப்பில் வேப்பமரத்துக் காக்கைகள் பறந்தன. ஹெட்மாஸ்டர் ஓடிவந்தார்.

“என்னம்மா இது?”

“வாய்ப்பாடு சார். தினம் சொல்றதுதான். உள்ள புழுக்கமா இருக்கு.”

வாய்ப்பாட்டைத் தடுக்க எந்த ஹெட்மாஸ்டராலும் முடியாது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் முதுகுகள் நிமிர்ந்தன. எண் பாடத்தின் கடைசியில் வாய்ப்பாடு, அதன்பின் இண்டர்வல் என்பது நடவு வயலில் எல்லாருக்கும் அத்துப்படி. பத்து ரெண்டு இருபதுக்குள் எல்லாரும் வரப்பில் இருந்தார்கள். அதற்கடுத்த நாள் தூளி வராந்தாவுக்கு வந்துவிட்டது, அதன் பின்னால் அவளும்.

நடவு முடிந்து களையெடுப்பு தொடங்கிய சமயத்தில் அடுத்த பெற்றோர் கூட்டம் வந்தது. அதே மூன்று மணி, அதே நாற்காலிகள். மிராசுதார் இம்முறை மனு எழுதிக்கொண்டு வந்திருந்தார். பள்ளியில் கூச்சல் அதிகம், தொட்டில் கட்டிப் பள்ளியின் மானம் போகிறது, தொட்டிலை எடுக்க வேண்டும், ஒன்றாம் வகுப்பு டீச்சரை மாற்ற வேண்டும் என்று இன்ஸ்பெக்டரிடம் நீட்டினார். டிரான்ஸ்ஃபர் எனக்குப் பெரிதில்லை. ரயில் எல்லா ஊருக்கும்தான் போகிறது. தூளியை அவிழ்த்தால் அந்தப் பெண் திரும்ப மரத்தடிக்குப் போவாள், அடுத்த வருடம் குழந்தை வளர்ந்துவிட்டாலும் அவளைத் திரும்ப அனுப்பமாட்டார்கள். அவளைத் திரும்பிப் பார்த்தேன். தூளிக்குக் கீழே தன் இடத்தில் உட்கார்ந்திருந்தாள். அன்று சாயங்காலம் கூட்டத்துக்காகப் பிள்ளைகளை வராந்தாவில் உட்காரவைத்திருந்தோம்.

இன்ஸ்பெக்டர் ஊருக்குப் புதியவர், வயதானவர். மனுவைப் படித்துவிட்டு, “கூச்சல்னா என்ன கூச்சல்?” என்று கேட்டார்.

“வாய்ப்பாடுங்க சார்” என்றேன்.

“வாய்ப்பாடு கூச்சலாய்யா? எங்கே, சொல்லச் சொல்லுங்க பாப்போம்.”

சொல்லச் சொன்னேன். பிள்ளைகள் எழுந்து, வழக்கப்படி வயலைப் பார்த்துத் திரும்பி, பிடித்தார்கள் ஒரு பிடி. மைக் செட்டுக்கு அன்று வேலையே இல்லை. முடிந்ததும் இன்ஸ்பெக்டருக்கு ஒரே சந்தோஷம். “பலே!” என்று கைதட்டினார். இன்ஸ்பெக்டர் தட்டும்போது தலைவர் தட்டாமல் இருக்க முடியுமா? மிராசுதாரும் எழுந்து நின்று தட்டினார்.

வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் களையெடுத்துக்கொண்டிருந்தவர்களுக்குக் கூட்டம் நடப்பது தெரியாது, வேளை எது என்ற யோசனையும் இல்லை. வாய்ப்பாடு கேட்டது. எல்லாரும் நிமிர்ந்து வரப்பேறினார்கள். காரியஸ்தர் குடையை மடக்கி ஓங்கிக்கொண்டு ஓடியவர், வராந்தாவில் ஐயாவே நின்று கைதட்டுவதைப் பார்த்துவிட்டு, இது அவர் உத்தரவுதான் போலிருக்கிறது என்று குடையை மறுபடி விரித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

இங்கே அந்தப் பெண் எழுந்தாள். வாய்ப்பாடு முடிந்தால் இண்டர்வல். தூளியிலிருந்து தம்பியை எடுத்து இடுப்பில் வைத்தாள். அவள் வழியில் நாற்காலிகள் இருந்தன. பெரிய மனிதர்கள் கால் நீட்டி உட்கார்ந்திருக்க, அவள் நடு நாற்காலிக்கு முன்னால் வந்து நின்றாள். கைதட்டி முடித்து அப்போதுதான் உட்கார்ந்த மிராசுதார், இன்ஸ்பெக்டர் பார்த்துக்கொண்டிருந்ததால், காலை உள்ளே இழுத்து வழிவிட்டார்.

மதகைத் தாண்டி அவள் போவதையும், வரப்பில் தாய் குழந்தையை வாங்கி முந்தானையால் மூடுவதையும், சுற்றிலும் பெண்கள் உட்கார்ந்து வெற்றிலை மடிப்பதையும் இன்ஸ்பெக்டர் பார்த்தார். யார் அவர்கள் என்று கேட்டார்.

“பெற்றோர் சார்” என்றேன். “எப்பவும் அங்கதான் கூடுவாங்க.”

குழந்தை தூங்கிப்போக, அவள் திரும்பி வந்தாள். மறுபடியும் அந்தக் கால்கள் உள்ளே போயின. தம்பியைத் தூளியில் இட்டு ஒரு ஆட்டு ஆட்டிவிட்டு நிமிர்ந்தவளை இன்ஸ்பெக்டர் கிட்டே கூப்பிட்டார்.

“பாப்பா, நீ இங்க என்ன படிக்கிறேன்னு உங்க அம்மாவுக்குத் தெரியுமா?”

“தெரியும் சார். இண்டர்வல் முடிஞ்சிருக்கும், மணல்ல எளுதுற நேரம், போயி எளுதுடின்னு அனுப்பிச்சிட்டாங்க.”

சொல்லிவிட்டு அவர் பதிலுக்குக்கூட நிற்கவில்லை. தன் இடத்துக்குப் போய், மிராசுதார் காலடிக்குப் பக்கத்தில் ஒரு பிடி மணலைக் கொட்டி, உள்ளங்கையால் பரப்பி, எழுத உட்கார்ந்தாள். இன்ஸ்பெக்டர் மனுவை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அந்த மனுவுக்குப் பதில் வரவே இல்லை.